எச்சிலென்று ஒதுங்குவதோ?

"வாய்ப்புண்தானே! இதற்கா இவ்வளவு கூக்குரல்?" என்று கேட்கிறார்கள். மருத்துவமனைத் தாழ்வாரத்திலே கேட்கிறார்கள். உறவினர் வீட்டுத் திண்ணையிலே கேட்கிறார்கள். ஊர் மந்தையிலே உட்கார்ந்துகொண்டு கேட்கிறார்கள். புற்றுநோய் என்னும் பெரும்பகையை எதிர்த்து மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பியவர், வாய் வெந்து, நா தடித்து, ஒரு கவளம் சோறு உண்ண மாட்டாமல், ஒரு சொல் உரைக்க மாட்டாமல் கண்ணீர் வடிக்கிறார். அவரைப் பார்த்து, "உயிர் தப்பியதே, அது போதாதா? புண் தானாக ஆறிவிடும்" என்கிறார்கள். தேறுதல் கூறுவதாக நினைத்துக்கொண்டு தேளாய்க் கொட்டுகிறார்கள்!

தோழர்களே! தானாக ஆறும் என்பது பாதி உண்மை. ஆறுகிற வரையில் அந்த மனிதர் என்ன பாடுபடுவார், ஆறுவதற்கு முன் அவர் உயிரோடு இருப்பாரா என்பது மீதி உண்மை. அந்த மீதியைப் பேச வேண்டியவர்கள் பேசவில்லை. ஆகவே நாம் பேசுகிறோம்.

முதலில் செய்தியைத் தெரிந்துகொள்வோம். கீமோதெரபி என்று மருத்துவர் கூறும் சிகிச்சையிலே பயன்படும் மருந்துகள் பல, விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தேடித் தாக்குபவை. புற்று விரைந்து பெருகுகிறது, தாக்கப்படுகிறது. ஆனால், உடலிலே விரைந்து பெருகுவது புற்று ஒன்றுதானா? மயிர்க்கால் பெருகுகிறது. எலும்பு மஜ்ஜை பெருகுகிறது. வாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு, ஓரிரு கிழமைக்கு ஒருமுறை தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. மருந்துக்குப் பகைவன் யார், பங்காளி யார் என்ற பாகுபாடு தெரியாது; எல்லாவற்றையும் அடிக்கிறது. ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாளுக்குள் வாய் சிவக்கிறது, எரிகிறது, புண்ணாகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று கிழமைகளில் ஆறுகிறது.

இந்த இரண்டு மூன்று கிழமைகளில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அதே நாட்களில் எலும்பு மஜ்ஜையும் அடிபட்டிருப்பதால், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் இரத்தத்திலே குறைந்துவிடுகின்றன. வேலி உடைந்திருக்கிறது, காவற்காரன் மயங்கிக் கிடக்கிறான். வாயிலே எப்போதும் வாழும் கிருமிகள், திறந்த புண்ணின் வழியே இரத்தத்தில் புகுந்தால் தடுப்பார் யார்? அப்போது அது வாய்ப்புண் அன்று. உயிருக்கு வைத்த உலை!

இஃது அரிதாக எங்கோ ஒருவருக்கு வரும் தொல்லையும் அன்று. வழக்கமான அளவில் மருந்து பெறுவோரில் நூற்றுக்கு இருபது முதல் நாற்பது பேருக்கு வருகிறது. குருத்தணு மாற்றத்துக்காக மிகுந்த அளவில் மருந்து பெறுவோரில் எண்பது பேர் வரை அவதிப்படுகின்றனர். தலையிலும் கழுத்திலும் கதிர்வீச்சுப் பெறுவோரில் ஏறத்தாழ எவரும் தப்புவதில்லை. உலக சுகாதார நிறுவனம் இந்தப் புண்ணைப் படி வகுத்து அளக்கிறது. முதற்படியில் சிவப்பும் எரிச்சலும். இரண்டாம் படியில் புண் உண்டு, எனினும் சோறு உண்ணலாம். மூன்றாம் படியில் நீராகாரம் மட்டுமே. நான்காம் படியில் வாய்வழியே எதுவும் இறங்காது. சோற்றுக்கும் நீருக்கும் இடையே, நீருக்கும் பட்டினிக்கும் இடையே ஒவ்வொரு படிதான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

நேற்றுக் கண்டறிந்த செய்தியும் அன்று இது. சென்னை மருத்துவக் கல்லூரியிலே பயின்று, கடல் கடந்து, அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்திலே தலைமை தாங்கிய எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுவினர் உருவாக்கித் தந்த மருந்தை, 1947-ஆம் ஆண்டின் இறுதியிலே பாஸ்டன் நகரத்து மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் சிறிது காலம் பின்வாங்கியது, உலகம் வியந்தது. அந்தக் குழந்தைகளின் வாய் புண்ணானதும் அன்றே குறித்து வைக்கப்பட்டது. அம்மருந்தின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் இன்றும் வழக்கில் இருக்கிறது. அது தரும் வாய்ப்புண்ணும் இருக்கிறது. முக்கால் நூற்றாண்டாக அறிந்த ஒன்றை இன்னும் "இதற்கா கூக்குரல்" என்பார்களேயானால், அறியாமை என்று அதைக் கூறுவதற்கில்லை; அலட்சியம் என்றே கூற வேண்டும்.

இனி, குளத்தூருக்கு வாருங்கள். தொண்டைமான் மரபின் ஒரு கிளை பாளையம் அமைத்து ஆண்ட ஊர். இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு வட்டத்துக்கே தன் பெயரைத் தந்திருக்கும் ஊர். வட்டத்தின் தலைமையிடம் கீரனூரிலே. இவ்வூரிலே, அல்லது வட்டத்தைச் சேர்ந்த நார்த்தாமலையிலே, குன்றாண்டார்கோயிலிலே வானம் பார்த்த பூமியை உழுது வாழும் ஒருவருக்குப் புற்றுநோய் வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மருந்து ஏற்றிக்கொள்ளப் புதுக்கோட்டைக்கோ, திருச்சிக்கோ, தஞ்சைக்கோ, மதுரைக்கோ, சென்னை அடையாற்றுக்கோ அவர் செல்கிறார். காலையில் படுக்கை, மாலையில் பேருந்து. மூன்று கிழமைக்குப் பின் மீண்டும் வரச் சொல்லி அனுப்புகிறார்கள்.

புண் வருவது எப்போது? ஏழாம் நாள், எட்டாம் நாள். அப்போது அவர் எங்கே? குளத்தூரிலே, தம் வீட்டுக் கூடத்திலே, பாயிலே. மருத்துவமனை பார்க்கும் நாளில் புண் இல்லை. புண் இருக்கும் நாளில் மருத்துவமனை இல்லை! மறுமுறை அவர் செல்லும்போது புண் ஆறி வடுவாகியிருக்கும். எடை மட்டும் குறைந்திருக்கும். "ஏன் மெலிந்தீர்?" என்று கேட்கப்படும். "சாப்பிட முடியவில்லை" என்பார். ஏட்டிலே ஒரு வரி எழுதப்படும். அடுத்த மருந்து ஏறும். அடுத்த புண் வரும். சில வேளைகளில், உடல் தாங்காது என்று மருந்தின் அளவு குறைக்கப்படும். தவணை தள்ளிப் போடப்படும். மருந்து குறைந்தால் மகிழ்வது யார்? புற்று!

அந்த ஏழாம் நாளிலே, மருத்துவம் இல்லாத வெற்றிடத்திலே, யார் வந்து குடியேறுகிறார்கள் தெரியுமா? மடமைப் பரிவாரம் முழுவதும் குடியேறுகிறது. "உள்சூடு" என்கிறார் ஒருவர். "கண்ணேறு" என்கிறார் இன்னொருவர். "ஆத்தாளின் கோபம், மருந்தை நிறுத்து, வேண்டுதலை நிறைவேற்று" என்கிறார் மூன்றாமவர். வெந்த நாவிலே திருநீறு இடப்படுகிறது. வெள்ளணு குறைந்த உடம்புக்குள், காய்ச்சாத நீர் தீர்த்தம் என்ற பெயரால் ஊற்றப்படுகிறது. படிகாரத்தைத் தேய் என்பாரும், மாசிக்காயைத் தடவு என்பாரும், வேப்பங்குச்சியால் நன்றாகத் தேய்த்தால் சரியாகும் என்பாரும் உண்டு. நலமான ஈறுக்கு வேப்பங்குச்சி நல்லதாகவே இருக்கட்டும். தொட்டாலே குருதி கசியும் ஈறுக்கு அது ஈட்டியல்லவா?

இவர்களைத் திட்டுவது நம் நோக்கமன்று. துன்பப்படுபவன் அருகிலே யாராவது வந்து நிற்க வேண்டும். அறிவு வந்து நிற்கவில்லை. மடமை வந்து நின்றது. குற்றம் மடமையின்மீது மட்டுமா? வரத் தவறிய அறிவின்மீதும்தான்.

அறிவு ஏன் வரவில்லை? இங்கேதான், தோழர்களே, நம் சமுதாயத்தின் பழைய நோய் ஒன்று தலைகாட்டுகிறது. அதற்குப் பெயர் "எச்சில்."

வாய் என்றால் எச்சில். எச்சில் என்றால் தீட்டு. தீட்டைத் தொடுபவர் தாழ்ந்தவர். இந்தக் கணக்கை நமக்குப் போட்டுக் கொடுத்தது எது? சாதி! ஒருவர் உண்ட இலையை எடுப்பவர் யார், ஒருவர் குடித்த குவளையைக் கழுவுபவர் யார் என்று பிரித்துப் பிரித்து, மனித வாயையே அருவருப்புக்குரிய பொருளாக ஆக்கிவிட்டது. இதில் முரண்பாட்டைப் பாருங்கள். கரூர் மாவட்டத்தில், நெரூரிலே, பிறர் உண்ட எச்சில் இலைகளின்மேல் உருண்டால் புண்ணியம் என்றொரு சடங்கு. 2015-இல் உயர்நீதிமன்றம் தடுத்தது. 2024-இல் ஒரு நீதிபதி இசைவளித்தார். 2025-இல் இரு நீதிபதிகள் அமர்வு அந்த இசைவை நீக்கியது. உருளுவதற்கு உரிமை கேட்டு நீதிமன்றப் படியேற ஆளிருக்கிறது! நோயாளியின் எச்சிலைத் துடைத்து, வாயைத் திறந்து பார்த்து, புண்ணைக் கணக்கெடுக்க ஆள் வேண்டும் என்று கேட்கத்தான் ஆளில்லை! இலையிலே இருந்தால் எச்சில் புண்ணியம். நோயாளியின் உதட்டிலே இருந்தால் தீட்டு. என்னே இந்த நீதி!

இதே கணக்குத்தான் செவிலியர் தொழிலையும் தாழ்த்தியது. பிறர் உடலைத் தொட்டுத் துடைக்கும் வேலையா, அது நம் குலத்துக்கு ஆகுமா என்று ஒதுங்கிய வீடுகள் எத்தனை! 1909-இல் வேலூரிலே ஐடா ஸ்கடர் செவிலியர் பள்ளி தொடங்கிய காலத்தில், மதிப்புக் குறைவென்று பலரும் முகம் சுளித்த தொழில் இது. இன்று முகச்சுளிப்பு மறைந்திருக்கலாம். ஊதியச் சுளிப்பு மறையவில்லை. 2015 முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்கள், பணி நிரந்தரம் வேண்டித் தெருவிலே அமர்ந்து போராடியதை நாடு கண்டது. தொற்றுநோய்க் காலத்திலே "தேவதை" என்று அழைத்துக் கைதட்டினார்கள். தேவதைக்கு ஊதியம் வேண்டாமல்லவா? அதனால்தான் அந்தப் பட்டம்! நமக்குத் தேவதைகள் தேவையில்லை. பயிற்சி பெற்ற, நிலையான பணியும் நியாயமான ஊதியமும் பெற்ற, படித்த செவிலியர்கள் தேவை.

செவிலியர் வந்து என்ன செய்துவிடுவார் என்று கேட்பீர்களா? கூறுவோம்.

மருந்து ஏற்றுவதற்கு முன்பே பல் மருத்துவரிடம் அனுப்பிச் சொத்தைப் பல்லையும் கூர்மையான பல்முனையையும் கவனிக்கச் செய்வார். பிறகு, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். வெறுமனே எட்டிப் பார்ப்பதன்று. 1988-இல் ஜூன் ஐலர்ஸ் என்னும் அமெரிக்கச் செவிலியரும் அவருடைய சக ஆய்வாளர்களும் வகுத்துத் தந்த முறை ஒன்று உண்டு. குரல், விழுங்குதல், உதடு, நாக்கு, உமிழ்நீர், உட்சவ்வு, ஈறு, பல் ஆகிய எட்டையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் மூன்று வரை எண் இடுவது. எட்டு என்றால் நலம். இருபத்துநான்கு என்றால் பெருங்கேடு. நேற்று ஒன்பது, இன்று பதின்மூன்று என்றால், நோயாளி வாய் திறந்து முறையிடுமுன்னே ஏடு முறையிடுகிறது! வலியைப் பொறுத்துக்கொள்வதே பெருமை என்று பழக்கப்பட்ட நம் மக்களுக்கு, அதிலும் நம் தாய்மார்களுக்கு, இந்த எண் ஒரு வழக்கறிஞர். வீட்டாருக்குக் காரக் குழம்பு வைத்துப் பரிமாறிவிட்டு, தனக்கு வெந்நீரும் இறங்காமல் மூலையிலே சுருண்டு படுக்கும் பெண், "எனக்கு வலிக்கிறது" என்று யாரிடம் கூறுவாள்? கேட்டால்தானே கூறுவாள்!

மென்மையான தூரிகையால் பல் துலக்கும் விதத்தைச் செவிலியர் காட்டித் தருவார். காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கரைத்து, நாளைக்கு நான்கைந்து முறை கொப்பளித்துத் துப்பச் சொல்வார். நாள்தோறும் புதிதாகக் கலக்கச் சொல்வார். சாராயம் கலந்த வாய்கழுவி நீரைத் தள்ளச் சொல்வார். பொய்ப்பல்லைக் கழற்றித் தூய்மை செய்யச் சொல்வார். உதடு வெடிக்காமல் களிம்பு இடச் சொல்வார். காரமும் புளிப்பும் கொதிசூடும் தவிர்த்து, கஞ்சி, குழைந்த சோறு, இட்லி என்று உணவை மாற்றித் தருவார். வலி மிகுந்தால், உண்பதற்கு முன் வலிமருந்து கிடைக்க மருத்துவரிடம் எடுத்துரைப்பார். வெண்மையான படலம் கண்டால், அது பூஞ்சையாக இருக்கலாம் என்று மருந்துக்கு அனுப்புவார். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், விடியட்டும் என்று காத்திராமல், அந்த இரவே மருத்துவமனைக்குப் போகச் சொல்வார். அந்த ஒரு சொல்லால் காப்பாற்றப்படும் உயிர்கள் உண்டு.

"இதை வீட்டாரே செய்யலாமே, செவிலியர் எதற்கு?" என்று சிலர் வாதிடுவர். அவர்களுக்கு ஒரு பனிக்கட்டித் துண்டே விடை தரும். ஃபுளூரோயுராசில் என்ற மருந்தை நரம்பிலே விரைந்து செலுத்தும்போது, ஐந்து நிமிடம் முன்பிருந்து அரைமணி நேரம் பனிக்கட்டித் துண்டுகளை வாயிலே அடக்கி வைத்திருந்தால், வாயின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, அங்கே மருந்து குறைவாகச் சென்று, புண் குறைகிறது. ஆய்வுகளால் உறுதிப்பட்ட உண்மை இது. காசு செலவில்லாத மருத்துவம்! ஆனால், ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து பெறுபவருக்குக் குளிர்ச்சி ஆகாது; தொண்டையும் விரல்களும் துடித்துப் போகும். ஒரே பனிக்கட்டி, ஒருவருக்கு உதவி, இன்னொருவருக்கு வதை. எவருக்கு எது என்று பிரித்தறிவது யார்? அன்பு மட்டும் உள்ள வீட்டாரா, அன்போடு அறிவும் உள்ள செவிலியரா? வீட்டார் கை வேண்டும்; அந்தக் கைக்கு வழிகாட்டும் கண் வேண்டும்.

பகுத்தறிவாளர்களாகிய நமக்கும் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. திருநீற்றை விலக்கிய இடத்திலே உப்பு நீரை மந்திரமாக்கி வைத்துவிடக் கூடாது. உப்பு நீர் புண்ணே வராமல் தடுத்துவிடும் என்று எவரும் மெய்ப்பிக்கவில்லை. வாயைத் தூய்மையாகவும் ஈரமாகவும் வைக்கிறது. அவ்வளவே அதன் பணி. பலரும் வாங்கும் குளோர்ஹெக்சிடின் என்ற வாய்கழுவி மருந்து, கதிர்வீச்சுப் பெறுவோருக்கு இந்தப் புண்ணைத் தடுக்கப் பயன்படவில்லை என்று ஆய்ந்து, அதை அதற்காகப் பயன்படுத்த வேண்டாம் என்றே உலக வல்லுநர் குழு கூறியிருக்கிறது. எது பயன் தரும், எது தராது என்று சோதித்துப் பார்த்து, தராததை வெட்கமின்றிக் கைவிடுவதன்றோ அறிவியல்? கோவிலிலே கேள்வி கேட்டவர்கள் மருந்துக் கடையிலே மட்டும் ஏன் கைகட்டி நிற்க வேண்டும்?

"பணத்துக்கு எங்கே போவது?" என்பது கடைசி அம்பு. உப்புக்கு என்ன விலை? சோடாவுக்கு என்ன விலை? தூரிகைக்கு என்ன விலை? விலை உயர்ந்த மருந்தை வாங்கி ஏற்றுவதற்குப் பணம் இருக்கிறது. அந்த மருந்தைத் தாங்கும் வலிமையோடு நோயாளியை வைத்திருக்கப் பணம் இல்லையா? பட்டு வாங்கியவன் பெட்டிக்குப் பணமில்லை என்று மண்ணிலே போட்டு வைத்த கதைதான்!

இந்தக் கேள்வியை எழுப்பப் புதுக்கோட்டைக்கு உரிமை அதிகம். 1886-இல் அந்த மண்ணிலே பிறந்தார் முத்துலட்சுமி. தேவதாசிக் குலத்துத் தாயின் மகள்; ஆண்கள் கல்லூரிக்குள்ளே எதிர்ப்பை மீறி நுழைந்த பெண்; 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றவர்; 1927-இல் சென்னைச் சட்டமன்றம் ஏறியவர். கோவிலுக்குப் பெண்ணைப் பொட்டுக்கட்டும் கொடுமையை எதிர்த்த அந்தக் கை, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலும் துவண்டுவிடவில்லை. 1954-இல் சென்னை அடையாற்றிலே பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. "சாகப்போகும் நோயாளிக்கு மருத்துவமனை எதற்கு?" என்ற மனப்பான்மை மண்டிக் கிடந்த நாளிலே எழுந்தது! அன்று "புற்றுநோய்க்கா மருத்துவமனை?" என்றவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று "வாய்ப்புண்ணுக்கா செவிலியர்?" என்கிறார்கள். பாட்டன்மாருக்கு அவர் கட்டடம் எழுப்பி விடை கூறினார். பேரன்மாருக்கு நாம் விடை கூற வேண்டாமா?

நாவன்மையால் நாட்டை எழுப்பிய அறிஞர் அண்ணாவை, 1969 பிப்ரவரி 3-இல் உணவுக்குழாய்ப் புற்றுநோய் கொண்டுபோயிற்று. காஞ்சியை அடுத்த காரப்பேட்டையிலே அவர் பெயர் தாங்கிய புற்றுநோய் மருத்துவமனை நிற்கிறது. பேச்சின் அருமை அறிந்த இனம், பேச முடியாமல் தவிக்கும் நோயாளியின் வாயை மறக்கலாமா?

ஆகவே நாம் கேட்பது இது. வாயைப் பார்த்து எண் இடாமல் எந்த நோயாளிக்கும் மருந்து ஏற்றலாகாது. ஏழாம் நாள், நோயாளியின் வீட்டுக்குச் செவிலியரின் கால் வர வேண்டும்; கால் வர இயலாவிடில் குரலாவது தொலைபேசியில் வர வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்திலே, ஆதரவு சிகிச்சை தரும் செவிலியர் வீடு தேடிச் செல்ல வழி வகுக்கப்பட்டது. பாதை போட்டாயிற்று, அந்தப் பாதையிலே செல்லும் செவிலியரின் பைக்குள் ஒரு கைவிளக்கும், வாய் பார்க்கும் ஏடும் இருக்கட்டும் என்கிறோம். 2023-இல் புதுக்கோட்டைக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்தது. குளத்தூர் வட்டத்தில் மருந்து ஏற்றிக்கொள்ளப் போகும் ஒவ்வொருவருடைய பல்லையும் முன்கூட்டியே பார்த்து அனுப்புவது அதன் கடமைகளுள் ஒன்றாகட்டும். என்ன செய்ய வேண்டும், எப்போது ஓடிவர வேண்டும் என்பதை எளிய தமிழில் அச்சிட்ட ஓர் அட்டை, மருந்துச் சீட்டோடு ஒவ்வொரு நோயாளியின் கையிலும் இருக்கட்டும்.

இளைஞர்களே! படிப்பகங்களிலே கூடுகிறீர்கள், நன்று. அடுத்த கூட்டத்திலே இந்தச் செய்தியைப் பேசுங்கள். உங்கள் தெருவிலே மருந்து ஏற்றிக்கொண்டு வந்தவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். எட்டாம் நாள் அவர் வீட்டுக்குச் சென்று, "ஐயா, சாப்பிட முடிகிறதா? அம்மா, விழுங்க முடிகிறதா?" என்று கேளுங்கள். முடியவில்லை என்றால், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வாயைப் பார்க்கச் சொல்லி உரிமையோடு கேளுங்கள். புண்ணுக்கு மருந்து போடுவது உங்கள் வேலையன்று. புண்ணை மறைத்திருக்கும் திரையைக் கிழிப்பது உங்கள் வேலை!

எச்சில் தீட்டன்று, உமிழ்நீர் வாயின் காவல். அது வற்றிய வாயிலே கிருமி கொழிக்கிறது. அதைத் தீட்டென்று ஒதுக்கிய நாட்டிலே மடமை கொழிக்கிறது. செவிலியரின் விளக்கு அந்த வாயருகே செல்லட்டும். இருட்டிலே கிடந்த புண்ணும் தெரியும். இருட்டிலே வைத்திருந்தவர் யார் என்பதும் தெரியும்!